குறிப்பறிதலும் கண்ணோட்டமும்

பிறர் மனத்தில் ஓடுவதை அவர் சொல்லாமலே அறிவதும், தன் மனத்தில் எழுவதைத் தன் பிடியில் வைத்திருப்பதும் தலைமைக்கு வேண்டிய தகுதிகள் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. வங்கியோ மருத்துவமனையோ மென்பொருள் நிறுவனமோ, மேலாளர்களுக்குப் பயிற்சி நடக்கும் இடங்களில் ‘உணர்வுசார் நுண்ணறிவு’ என்ற பாடம் பெரும்பாலும் இருக்கும். அந்தப் பாடம் எழுப்பாமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. இந்தத் தகுதி அறத்தின் பாற்பட்டதா, அல்லது கத்தியைப்போல, கணக்கைப்போல, பிடித்தவர் கைக்கு ஏற்ப நல்லதும் கெட்டதும் செய்யும் கருவியா? தலைவர் ஒருவர் தமக்குக் கீழிருப்பவரின் அச்சத்தையும் ஆசையையும் துல்லியமாக அறிகிறார் என்பது, கீழிருப்பவருக்கு நல்ல செய்தியா என்று கேட்டால் கேள்வியின் கூர்மை புரியும்.

கருத்தின் வரலாற்றிலேயே இந்தக் குழப்பத்தின் வித்து கிடக்கிறது. 1990இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் உணர்வுசார் நுண்ணறிவை ஆய்வுக் கட்டுரை ஒன்றில் வரையறுத்தார்கள். அவர்களுக்கு அது ஒரு திறன்: தன் உணர்வையும் பிறர் உணர்வையும் இனங்கண்டு, பிரித்தறிந்து, அந்த அறிவைச் சிந்தனைக்கும் செயலுக்கும் பயன்படுத்தும் திறன். கணிதத் திறன் நேர்க்கணக்கும் எழுதும், கள்ளக்கணக்கும் எழுதும்; திறன் என்று சொல்லிவிட்டால் அறத்தைப் பற்றி எதுவும் சொன்னதாகாது. 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் இந்தச் சொல்லை உலகெங்கும் கொண்டுபோனது. 1998இல் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’ இதழில் அவர் எழுதிய கட்டுரை அதைத் தலைமைப் பண்போடு இறுக முடிச்சுப் போட்டது. தன்னறிவு, தன்னடக்கம், ஊக்கம், பிறர் உணர்வை உணர்தல், உறவைக் கையாளும் திறமை என்ற ஐந்தை அவர் அதில் எண்ணினார். இவற்றுள் சில திறன், சில குணம். எது எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோடு அந்தப் பட்டியலில் அழிந்துபோயிற்று. மெய்யியல் கேள்வி ஒளிந்திருப்பது அழிந்த அந்தக் கோட்டில்தான்.

கோல்மனின் நூல் அரிஸ்டாட்டிலிடமிருந்து தொடங்குகிறது. உரியவரிடம், உரிய அளவில், உரிய வேளையில், உரிய காரணத்துக்காகச் சினப்பது எளிதன்று என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தே அந்தத் தொடக்கம். ஆனால் அரிஸ்டாட்டில் அதோடு நிற்கவில்லை. ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலின் ஆறாம் பகுதியில் அவர் இரண்டைப் பிரிக்கிறார். எடுத்துக்கொண்ட குறிக்கோள் எதுவாயினும் அதை எட்டும் வழியைக் கண்டுபிடிக்கும் கெட்டிக்காரத்தனம் ஒன்று. குறிக்கோள் நல்லதாயின் அது போற்றத்தக்கது. தீயதாயின் அது வெறும் சூது. மற்றது விவேகம். விவேகம் கெட்டிக்காரத்தனம் இல்லாமல் இயங்காது. ஆனால் நல்லவராக இல்லாதவருக்கு அது வாய்ப்பதும் இல்லை. உரிய வேளையில் சினப்பவரைப் பாராட்டுவதற்கு முன், எதை ‘உரியது’ என்று அவர் கருதுகிறார் என்று பார்க்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது அவருடைய குணம்.

இம்மானுவேல் கான்ட் இன்னும் கடுமையானவர். 1785இல் வெளிவந்த அவருடைய அறவியல் நூலின் முதல் பக்கங்களிலேயே, உணர்ச்சிகளில் மிதம், தன்னடக்கம், நிதானமான சிந்தனை ஆகியவற்றை நிபந்தனையின்றி நல்லவை என்று சொல்ல மறுக்கிறார். நல்ல நோக்கம் இல்லாத இடத்தில் இவையே கொடுமையாகும். பதற்றமில்லாத கயவன், பதறுகிற கயவனைவிட அபாயமானவன் என்பதோடு, பார்ப்பவர் கண்ணுக்கு இன்னும் அருவருப்பானவனாகவும் ஆகிறான் என்பது அவர் வாதம். மேலாளர் பயிற்சிப் பட்டறைகளில் கான்ட்டுக்கு இடமில்லாமல் போனதில் வியப்பில்லை. அவர் கேட்பது பட்டறையால் தர முடியாத ஒன்று.

தமிழில் இந்தப் பிரிவினை வேறு வடிவில், இன்னும் நுட்பமாக, ஏற்கெனவே நடந்திருக்கிறது. திருக்குறளின் 133 அதிகாரங்களில் ஒரே பெயர் இருமுறை வருவது ஒன்றே ஒன்றுதான்: குறிப்பறிதல். பொருட்பாலில் அது 71ஆம் அதிகாரம். காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். முதலாவது அரசவையில் நடக்கிறது, இரண்டாவது காதலர் இருவரிடையே. காதலில், தான் பார்க்கும்போது நிலத்தைப் பார்த்துவிட்டு, தான் பாராதபோது தன்னைப் பார்த்து மெல்லச் சிரிக்கும் பெண்ணின் உள்ளத்தை ஒருவன் படிக்கிறான். அவையில், அரசன் வாய் திறக்குமுன் அவன் முகத்தில் அமைச்சன் படிக்கிறான். கண் ஒன்று, முகம் ஒன்று, கலையும் ஒன்று. ஒரே கலை காதலாகவும் அரசுப் பணியாகவும் ஆக முடியும் என்பதை இந்த இரட்டைப் பெயரைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அன்பு அந்தக் கலையோடு கூடவே பிறப்பதில்லை. வேறெங்கிருந்தோ வந்து சேர வேண்டும்.

71ஆம் அதிகாரத்தில் இன்னொரு செய்தி கவனிக்கத்தக்கது. குறிப்பறிகிறவர் யார்? உரையாசிரியர் பரிமேலழகர் இதை அரசனின் கருத்தை அவன் கூறாமலே அறிதல் என்று விளக்குகிறார். அதிகாரம் அமைச்சியலில் வைக்கப்பட்டிருக்கிறது. முந்தைய அதிகாரமான ‘மன்னரைச் சேர்ந்தொழுகல்’, தீக்காய்பவர்போல மிக நெருங்கவும் கூடாது, மிக விலகவும் கூடாது என்று அரசனை அண்டி வாழ்பவருக்கு எச்சரிக்கை செய்கிறது. படிப்பவர் கீழே இருப்பவர். படிக்கப்படும் முகம் மேலே இருப்பவருடையது. பளிங்கு தன்னை அடுத்ததன் நிறத்தைக் காட்டுவதுபோல முகம் நெஞ்சைக் காட்டும் என்பது, அந்த நெஞ்சின் சினத்தால் தலை போகக்கூடிய இடத்தில் நிற்பவருக்குச் சொல்லப்படும் அறிவுரை. இத்தகையவனை எதைக் கொடுத்தேனும் துணையாகக் கொள்க என்று அரசனுக்கும் அதே அதிகாரத்தில் சொல்லப்படுகிறது. குறிப்பறியும் ஆளைத் தேடி வைத்துக்கொள்வது அரசன் வேலை. குறிப்பறிவது அமைச்சன் வேலை.

இது இன்றைய பாடத்துக்கு நேர் எதிர். இன்றைய பாடம் தலைவரைப் பார்த்துக் குழுவினரின் மனத்தைப் படி என்கிறது. எந்த அலுவலகத்திலும் காலையில் மேலதிகாரி அறைக்குள் நுழைந்த நடையை வைத்தே அன்றைக்கு விடுப்பு கேட்கலாமா கூடாதா என்று உதவியாளர் கணித்துவிடுவார். தேநீர் கொண்டுவருபவருக்கும் அது தெரியும். மேலதிகாரிக்கு அவர்கள் முகத்தைப் படிக்கும் தேவை அநேகமாக இல்லை, படிக்கத் தவறினால் அவருக்கு உடனே ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. குறிப்பறியும் திறன் அதிகாரத்தில் இல்லாதவரிடமே தானாகக் கூர்மைப்படுகிறது. வள்ளுவர் அதை அமைச்சனிடம் வைத்தது நடப்பைக் கண்டறிந்த செயல்.

அப்படியானால் அரசனிடம் அவர் கேட்பது என்ன? அதற்குப் பெயர் கண்ணோட்டம், 58ஆம் அதிகாரம், அரசியல் என்னும் இயலில் வைக்கப்பட்டது. இன்றைய தமிழில் கண்ணோட்டம் என்றால் ஒன்றைப் பார்க்கும் கோணம். குறளில் அது இரக்கம், தாட்சண்யம். கண் ஒருவர்மேல் ஓடி அங்கே தங்கிவிடுவது. குறிப்பறிதல், கண்ணோட்டம் ஆகிய இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் ஓர் ஒற்றுமை புலப்படும்: இரண்டும் கண்ணைப் பற்றியவை. குறிப்பறிதலில் கண் ஓர் அளவுகோல். நுண்ணறிவாளர் பிறரை அளக்கும் கோல் எதுவென்று பார்த்தால் கண்தான் என்று அந்த அதிகாரம் முடிகிறது. கண்ணோட்டத்தில் கண் அளப்பதில்லை. இரக்கம் அங்கே கண்ணுக்கு அணிகலன். அது இல்லாவிட்டால் முகத்தில் இருப்பது புண் என்று உணரப்படும். பாட்டோடு பொருந்தாத பண்ணால் என்ன பயன், இரக்கமில்லாத கண்ணால் என்ன பயன் என்று வள்ளுவர் கேட்கிறார். அளக்கும் கண்ணும் இரங்கும் கண்ணும் ஒரே முகத்தில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் ஓர் அதிகாரமாக அவர் ஆக்கவில்லை. கோல்மனின் பட்டியலில் ஒரே வரிசையில் நிற்பவை குறளில் இரு வேறு இயல்களில், இரு வேறு ஆட்களுக்குரியனவாக நிற்கின்றன.

கண்ணோட்டத்துக்கு ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தன்னோடு பழகியவர் கேட்டதை மறுக்க மாட்டாமை என்று பரிமேலழகர் அதற்குப் பொருள் சொல்கிறார். பழகியவருக்கு மறுக்காத அதிகாரியைப் பற்றி இன்று யாரும் நல்லதாகப் பேசமாட்டார்கள். வேண்டியவருக்கு இடமாற்றம், வேண்டாதவருக்கு ‘மெமோ’ என்பது அதன் மறுமுகம். செய்ய வேண்டிய கருமம் சிதையாமல் கண்ணோட வல்லவருக்கே உலகம் உரிமையாகும் என்று வள்ளுவர் அங்கேயே ஒரு வேலி போடுகிறார். ஆனால் அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், நாகரிகத்தை விரும்புபவர், பழகியவர் நஞ்சு ஊற்றக் கண்டும் அதைப் பருகி அமைவர் என்று அந்த வேலியைத் தாண்டிக் குதிக்கிறது. இரண்டையும் சமன் செய்ய உரைகாரர்கள் முயன்றிருக்கிறார்கள். சமன் செய்யத் தேவையில்லை என்று தோன்றுகிறது. கருமம் சிதைந்தால் இழப்பு பிறருக்கு. நஞ்சு குடித்தால் இழப்பு தனக்கு. தலைவர் தம் நட்டத்தில் இரக்கம் காட்டலாம். நிறுவனத்தின் நட்டத்திலோ மூன்றாமவர் நட்டத்திலோ காட்டக்கூடாது.

சினத்தைப் பற்றிய இடத்தில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தலைமைப் பயிற்சியில் மிக அதிகமாகப் பேசப்படுவதும் இதுதான். தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதைக் காப்பவனே உண்மையில் காப்பவன்; செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று 31ஆம் அதிகாரமான வெகுளாமை தொடங்குகிறது. முதலாளி முன்னால் பல்லைக் கடித்துக்கொள்ளும் ஊழியருக்கு வள்ளுவர் எந்தப் புகழும் தரவில்லை. அது வேறு வழியில்லாத அடக்கம். மின்னஞ்சல் ஒன்றில் ஒருவரின் வேலையைப் பறிக்கக்கூடியவர் அந்த மின்னஞ்சலை அனுப்பாமல் வைத்திருந்தால் அதுதான் கணக்கில் வரும். சினத்தை ஒரு வலிமையாக எண்ணிக் கைக்கொண்டவன் கெடுவது, நிலத்தை ஓங்கி அறைந்தவன் கைக்கு வலி தப்பாததுபோல என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. வெகுளாமை துறவறவியலில் இருப்பதால் அது துறவிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. ‘வெருவந்த செய்யாமை’ என்ற 57ஆம் அதிகாரம் அரசனுக்கு அதே பாடத்தை வேறு மொழியில் நடத்துகிறது. காண்பதற்கு அரிய, கண்டால் கடுகடுத்த முகமுடைய அரசனின் பெருஞ்செல்வம் பேய் காவல் காத்ததற்கு ஒப்பு. கடுஞ்சொல்லும் அளவு மீறிய தண்டனையும் அவன் வலிமையைத் தேய்க்கும் அரம்.

அந்த அதிகாரத்தில் ஓர் இடம் மட்டும் இடறுகிறது. செல்வம் நீங்காமல் இருக்க விரும்புகிறவன், கடுமையாக அடிப்பதுபோல ஓங்கி மெல்ல அடிக்க வேண்டுமாம். ஓங்கும் கை நடிப்பு. விழும் அடிதான் உண்மை. அரசன் உணர்வைக் காட்டுவதிலும் கருவித்தன்மை உண்டு என்று வள்ளுவர் இங்கே ஒப்புக்கொள்கிறார். ரோமானிய மெய்யியலாளர் செனக்காவும் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்து சேர்கிறார். சினம் பற்றி அவர் மூன்று பகுதிகளாக எழுதிய நூல் தம் அண்ணன் நொவாட்டஸுக்கு எழுதப்பட்டது. சினத்தைத் தளபதியாக வைக்காமல் படைவீரனாக வைத்துப் பயன்படுத்தலாம் என்ற அரிஸ்டாட்டிலியக் கருத்தை அவர் அதில் மறுக்கிறார்: கட்டளைக்கு அடங்குமானால் அது சினமே அன்று, அடங்காவிட்டால் அது வீரனாகவும் உதவாது. ஆனால் கேட்பவரின் மந்தமான மனத்தைக் கிளறச் சில வேளை சினத்தை நடிக்கலாம் என்று அவரும் விட்டுக்கொடுக்கிறார்.

செனக்காவின் பங்களிப்பில் இன்றும் தேறுவது ஒரு நுட்பமான பகுப்பு. அவமதிப்பு நேர்ந்த கணத்தில் உடல் துடிப்பது, முகம் சிவப்பது ஆகியவை சினம் அல்ல. அவை தாமாக வருபவை, யாராலும் தடுக்க முடியாதவை. ‘எனக்கு அநீதி நேர்ந்தது, பழிவாங்குவது தக்கது’ என்ற தீர்ப்புக்கு மனம் இசையும்போதுதான் சினம் பிறக்கிறது. இசைந்த பிறகு அது கடிவாளத்தைப் பறித்துக்கொண்டு ஓடும். செனக்கா ஒரு கதையும் சொல்கிறார்: பிளாட்டோ ஒருமுறை அடிமையை அடிக்கக் கை ஓங்கியவர், தாம் சினந்திருப்பதை உணர்ந்து, ஓங்கிய கையை அப்படியே நிறுத்தி நின்றாராம். அங்கு வந்த நண்பர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்க, சினந்த ஒருவனைத் தண்டித்துக்கொண்டிருக்கிறேன் என்றாராம். வள்ளுவரின் அரசன் ஓங்கி மெல்ல அடிக்கிறான். செனக்கா சொல்லும் பிளாட்டோ ஓங்கி நிறுத்திவிடுகிறார். முதலாவது பிறரை ஆள்வதற்கு, இரண்டாவது தன்னை ஆள்வதற்கு. அடிமைமுறை என்ற பெரிய கொடுமையைப் பிளாட்டோவும் செனக்காவும் கேள்வி கேட்கவில்லை என்பது இந்தக் கதையின் ஓரத்தில் கிடக்கும் செய்தி. உணர்வடக்கம் முழு அறமாகிவிடாது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

செனக்காவின் வாழ்க்கையோ அவர் நூலைவிடக் கடினமான பாடம். அவர் நீரோவின் ஆசிரியர். பொ.ஆ. 54இல் 16 வயதில் நீரோ பேரரசனானான். சில ஆண்டுகளில் செனக்கா கருணை பற்றிய நூல் ஒன்றை அவனுக்கே எழுதினார். இளம் மன்னன் தன் நல்ல குணத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்க்கட்டும் என்பது அதன் உத்தி. அரசன் மனநிலையை அறிந்து, அவன் தன்மதிப்பைத் தடவிக்கொடுத்து, அதன் வழியே அவனை நல்லவனாக்கும் முயற்சி அது. குறிப்பறிதலின் உச்சம் என்றே சொல்லலாம். 59இல் நீரோ தன் தாய் அக்ரிப்பினாவைக் கொல்வித்தான். அதை நியாயப்படுத்தி ஆட்சிமன்றத்துக்குச் சென்ற கடிதத்தை எழுதியவர் செனக்கா என்று மக்கள் அவரைப் பழித்ததாக வரலாற்றாசிரியர் டாசிடஸ் பதிவு செய்கிறார். 65இல் நீரோவின் ஆணைப்படி செனக்கா தற்கொலை செய்துகொண்டார். உணர்வுகளைப் பற்றி அந்தக் காலத்தில் அவரளவு அறிந்தவர் சிலரே. அந்த அறிவு முழுவதும் மேல்நோக்கிப் படிப்பதிலேயே செலவாயிற்று. படிக்கப்பட்ட முகத்துக்கு உரியவனிடம் கண்ணோட்டம் இல்லாதபோது அது யாரையும் காக்கவில்லை.

தமிழ்க் காப்பியத்தில் இதே வழுவல் மதுரையில் நிகழ்கிறது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பாண்டியன் நெடுஞ்செழியன் அவையில் ஆடல்மகளிரின் கலையில் திளைக்கிறான். கோப்பெருந்தேவி ஊடல்கொண்டு, தலைநோவு என்று சொல்லி எழுந்து போகிறாள். அது தலைநோவன்று என்று அரசனுக்குத் தெரியும். அவள் குறிப்பை அவன் சரியாகவே அறிகிறான். அமைச்சரை விட்டுவிட்டு அவளைத் தேடி அந்தப்புரம் செல்லும் வழியில்தான் பொற்கொல்லன் அவன் காலில் விழுகிறான். காணாமற்போன சிலம்பு கள்வன் ஒருவனிடம் இருப்பதாகச் சொல்கிறான். ஊடல் தணிக்கும் நினைப்பில் இருந்த அரசன் விசாரிக்கவில்லை. காவலரை அழைத்து, சிலம்பு அவனிடம் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவரச் சொல்கிறான். உணர்வில்லாத அரசன் செய்த பிழை அன்று இது. ஒருத்தியின் மனத்தைத் துல்லியமாகப் படித்த அதே நாழிகையில் அவன் செய்தது. 110ஆம் அதிகாரத்தில் தேர்ந்தவன் அரசியலில் தவறினான் என்றும் இதைச் சொல்லலாம்.

காதையில் அடுத்து வருவது அதிகம் பேசப்படாத பகுதி. அப்படிக் கள்வன் என்று பழிசுமத்தப்பட்ட கோவலனைக் கண்ட காவலர்கள் தயங்குகிறார்கள். இவன் தோற்றத்தில் கொலைக்குரியவனாகத் தெரியவில்லை என்கிறார்கள். அவர்கள் கண் சரியாக அளந்திருந்தது. பொற்கொல்லன் அவர்களை ஏளனம் செய்து, கள்வரின் தந்திரங்களை அடுக்கி, அவர்கள் தயக்கத்தைக் கோழைத்தனமாகக் காட்டுகிறான். கடைசியில் கல்லாத காவலன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். மற்றவர்கள் படித்த உண்மை அரசனிடம் போய்ச்சேர வழி இருக்கவில்லை; அரசனின் சொல் கீழே வர வழி இருந்தது. கோவலனின் மனைவி கண்ணகி வந்து வாயிலில் நின்றபோது அரசன் அவளை உள்ளே விடச் சொல்கிறான், அவள் சொல்வதைக் கேட்கிறான், சிலம்பு உடைந்ததும் தன் பிழையை ஏற்று அரியணையிலேயே உயிர்விடுகிறான். கேட்கும் செவி அவனிடம் இருந்தது. அது ஒருநாள் முன்னதாகத் திறந்திருக்க வேண்டும்.

தன் உணர்வை ஆட்சிக் கொள்கையாக்கிக் கல்லில் வெட்டிய முதல் இந்திய அரசன் அசோகன். பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டில் கலிங்கப் போருக்குப் பிறகு வெட்டப்பட்ட 13ஆம் பாறை ஆணை, 1,50,000 பேர் நாடுகடத்தப்பட்டதையும் 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும் எண்ணிட்டுச் சொல்லி, அதற்காக வருந்துவதாக அறிவிக்கிறது. ஆட்சியாளன் தன் குற்றத்துக்கு இப்படி எண்ணிக்கையோடு வருந்துவது அபூர்வம். ஆனால் அதே ஆணை, வருந்தும் இந்த அரசனுக்குத் தண்டிக்கும் ஆற்றலும் உண்டு என்று காட்டுவாசிகளை எச்சரிக்கவும் தவறவில்லை. ஓங்கிய கை இறங்கவில்லை. கலிங்க நாட்டிலேயே, தௌலியிலும் ஜௌகடாவிலும், இந்த ஆணை வெட்டப்படவே இல்லை. உறவினரை இழந்த மக்களிடம் அந்த எண்ணிக்கையைப் படித்துக்காட்டுவது அரசுக்கு உசிதமாகத் தோன்றவில்லை போலும். அது கண்ணோட்டமா, கணக்கா என்று கல் சொல்வதில்லை.

13ஆம் ஆணைக்குப் பதிலாகக் கலிங்கத்தில் வெட்டப்பட்ட தனி ஆணை வேறு வகையில் அருமையானது. அது மக்களுக்கு எழுதியதன்று, நீதி வழங்கும் அதிகாரிகளுக்கு எழுதியது. மக்கள் எல்லோரும் தன் பிள்ளைகள் என்று அரசன் சொல்கிறான். காரணமின்றிச் சிறைப்படுபவர், துன்புறுத்தப்படுபவர் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறான். பிறகு, நடுநிலையைக் கெடுப்பவை என்று பொறாமை, முன்கோபம், கொடுமை, அவசரம், பழக்கமின்மை, சோம்பல், களைப்பு ஆகியவற்றை வரிசைப்படுத்துகிறான். அதிகாரியின் களைப்பை நீதியின் எதிரியாகக் கண்ட ஆவணம் உலகில் அதிகமில்லை. இந்தப் பட்டியல் நல்ல உணர்வுகளை வளர்க்கச் சொல்லவில்லை. கெடுக்கும் உணர்வுகளை எண்ணிக் காட்டுகிறது, பிறகு அறிவுரையோடு நிற்காமல் ஏற்பாடும் செய்கிறது: ஆணை குறித்த நாள்களில் வாசிக்கப்பட வேண்டும், ஒருவர் மட்டும் கேட்க இருந்தாலும் வாசிக்கலாம்; ஐந்தாண்டுக்கு ஒருமுறை கடுமையில்லாத அதிகாரி ஒருவர் சுற்றுப்பயணம் வந்து பார்ப்பார். அதிகாரியின் குணத்தை நம்பி அசோகன் விட்டுவிடவில்லை. அதிகாரி எப்படி நடக்க வேண்டும் என்பதை மக்களும் காதால் கேட்கும்படி செய்தான்.

தற்கால வேலையிடத்துக்கு வந்தால், உணர்வைக் கையாளும் சுமை யார் தோளில் இருக்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. 1983இல் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்டு விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து எழுதிய நூல் ‘உணர்வு உழைப்பு’ என்ற கருத்தைத் தந்தது. பணிப்பெண் சிரிக்க வேண்டும், வசூலிப்பவர் கடுகடுக்க வேண்டும். இரண்டுமே சம்பளத்துக்காக விற்கப்படும் முகங்கள். முகத்தில் மட்டும் நடிப்பது ஒன்று, நடிப்பு தெரியாமலிருக்க உள்ளத்தையே வளைத்துக்கொள்வது மற்றொன்று என்று அவர் பிரித்தார். இரண்டாவது வகையில் எது தன் உணர்வு, எது நிறுவனத்தின் உணர்வு என்ற தெளிவே மங்கிவிடும். வாடிக்கையாளர் சேவை மையத்தில் இரவுப் பணி செய்யும் இளைஞர் வசவை வாங்கிக்கொண்டு ‘மன்னிக்கவும் சார்’ என்று சொல்லும்போது காட்டும் தன்னடக்கம், எந்த நிர்வாக இயக்குநர் காட்டுவதற்கும் குறைந்ததன்று. ஆனால் அவருடைய தன்னடக்கம் ‘பணிக்குரிய நடத்தை’ எனப்படுகிறது. இயக்குநருடையது ‘தலைமைப் பண்பு’ எனப்படுகிறது. ஊதியம் பெயரை மாற்றிவிடுகிறது.

திறன் அறத்தின் வேடம் பூணுவதைக் கண்டுபிடிக்கப் பௌத்தம் ஒரு வழி வைத்திருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் எழுதிய ‘விசுத்திமக்க’ நூல் நேயம், கருணை, பிறர் மகிழ்வில் மகிழும் முதிதை, உபேக்கை என்ற நான்கு உள்ளநிலைகளுக்கும் இரண்டிரண்டு பகைகளைச் சொல்கிறது. சேய்மைப் பகை எளிதில் தெரியும்; கருணைக்கு அது கொடுமை. அண்மைப் பகை அந்த நற்குணத்தைப் போலவே தோற்றம் தரும், அதனால்தான் அபாயம். உபேக்கை என்பது விருப்பு வெறுப்பில் சாயாத நடுநிலை. அதன் அண்மைப் பகை அறியாமையில் பிறக்கும் அலட்சியம். ஆட்குறைப்புப் பட்டியலில் பதறாமல் கையெழுத்திடும் அதிகாரி எந்தப் பக்கம் நிற்கிறார் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நிதானம் இரண்டுக்கும் பொது. வேலை இழப்பவரை நேரில் அழைத்துக் காரணம் சொல்கிறாரா, அல்லது நுழைவு அட்டை வேலைசெய்யாததைக் கண்டு அவரே தெரிந்துகொள்ள விடுகிறாரா என்பதில்தான் வேறுபாடு சிறிது வெளியே தெரியும்.

தலைவரிடம் வள்ளுவர் கடைசியில் கேட்பது கண்ணைவிடச் செவியைத்தான். தன் செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்புடைய வேந்தனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்பது ‘இறைமாட்சி’ அதிகாரம். இடித்துச் சொல்பவர் இல்லாத மன்னன், கெடுப்பவர் யாரும் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்பது ‘பெரியாரைத் துணைக்கோடல்’. பிறர் முகத்தைப் படித்துத் தன் பேச்சை மாற்றிக்கொள்ளும் திறனிலிருந்து இது வேறானது, அதைவிட அதிகம் வலிப்பது. இதைச் சோதித்து மதிப்பெண் போட முடியாது. தலைவரின் பொறுமையைத் தலைவரிடமே வினாத்தாள் கொடுத்துக் கேட்டால் கிடைப்பது அவர் தம்மைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம் மட்டும். கசக்கும் சொல்லைச் சொன்னவர் மறுநாளும் அதே இருக்கையில் இருக்கிறாரா என்று பார்ப்பது ஒன்றே வழி.

பல நிறுவனங்கள் இதை உணர்ந்திருக்கின்றன. ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர் ஊழியரை மதிப்பிடுவதோடு, ஊழியர்களும் மேலாளரை மதிப்பிட அங்கே ஒரு படிவம் தரப்படுகிறது. கேள்விகள் நன்றாகவே இருக்கும்: மாற்றுக் கருத்தை இவர் பொறுமையாகக் கேட்கிறாரா, தவறைச் சுட்டினால் ஏற்கிறாரா, அழுத்தமான வேளையில் நிதானமாக இருக்கிறாரா. அந்தப் படிவத்தின் மேல் மேலாளரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். பதில் எழுதுபவர் தம் பெயரை எழுத அதில் இடம் விடுவதில்லை.